ஊதித் தள்ளிய மூடிகள்

ஜனவரி 12

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

பெரிய பாலத்தின் நடு வளைவு ஆற்றில் விழுந்ததே, அந்த வருஷம். அதே வருஷம்தான் தீப்பெட்டி ஆலை எரிந்து, மூன்று தெருவுக்குக் கொடியில் காய்ந்த துணியெல்லாம் கறுத்தது. அண்ணன் டைபாய்டில் படுத்து எழுந்தான். தங்கச்சிக்கு முன்பல் இரண்டும் விழுந்திருந்தன. எந்த வருஷத்தது என்று நீங்கள் கேட்ட செக்கர்ஸ் பலகை அந்த வருஷத்தது. அந்த வயதில், வருஷத்துக்கு எண் உண்டு என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. நடந்ததை வைத்துத்தான் தெரியும்.

அப்பா ஓட்டல் சலவைக்கூடத்தில் இஸ்திரி போட்டவர். உடைந்த அலமாரிக் கதவு ஒன்றைக் கேட்டு வாங்கி, இஸ்திரிப் பெட்டியின் முனையால் சூடு வைத்து வைத்தே கறுப்புக் கட்டங்களை உண்டாக்கினார். ஓட்டல் வாட்ச்மேன் சட்டைப்பை நிறைய சோடா மூடி கொண்டுவந்தார். நிமிர்ந்த மூடி எனக்கு, கவிழ்ந்த மூடி தங்கச்சிக்கு. மேஜையைச் சுற்றி நின்றது அப்பா, அம்மா, அண்ணன், வாட்ச்மேன், நான், அவள். எதிர்க்காயைத் தாண்டி வெட்டக் கிடைத்தால் வெட்டியே ஆக வேண்டும், வெட்டாமல் விட்டால் வெட்டத் தவறிய காயை எதிராளி ஊதித் தள்ளலாம் என்று வாட்ச்மேன்தான் சொல்லிக்கொடுத்தார். அவள் காய்களை ஊதி ஊதியே அவளிடம் எனக்கு ஊதாங்குழல் என்று பேர் ஆயிற்று.

கட்டில் போட இடம் ஒழித்தபோது பெட்டியின் அடியில் பலகை கிடைத்தது என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் தங்கச்சியால் மாடி ஏற முடியவில்லையா? மூச்சு அவ்வளவுக்கு ஆகிவிட்டதா? அதை எழுதாமல் பலகையைப் பற்றி எழுதுகிறீர்கள். தையற்காரர் புத்தி. கிழிசலைக் காட்டாமல் மேலே ஒரு பட்டை வைத்துத் தைக்கிறீர்கள்.

போன் செய்யலாம் என்றால், காதில் மெஷின் வைத்தும் எனக்குக் குடத்துக்குள் பேசுவதுபோல்தான் கேட்கிறது. கீழே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் பெண் நான் சொல்லச் சொல்ல எழுதுகிறாள். நான் எப்படிப் பேசினாலும் திருத்தமாக எழுதிவிடுகிறாள். திரும்பப் படித்துக் காட்டும்போது, யாரோ சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டு என் சார்பில் பேசுகிற மாதிரி இருக்கிறது. ஆனால் கடிதத்தின் அடியில் இருக்கும் எண்கள் என் கைப்பட எழுதியவை. எழுத்து தெரியாவிட்டாலும், ஆயுசெல்லாம் லிஃப்ட் மாட்டியவனுக்கு எண் தெரியாமல் இருக்குமா?

அதே லிஃப்ட் வேலையில்தான் உங்கள் பையனை, என் மருமகனையும் சேர்த்துவிட்டேன். ஏழாவது மாடியில் கதவு திறந்தது, லிஃப்ட் பெட்டி அங்கே இல்லை. அவன் காலை வைத்துவிட்டான். அடக்கத்தன்று அவள் சொன்னது உங்களுக்கும் கேட்டிருக்கும். "என் வீட்டு வாசப்படி மிதிக்காதே." மிதிக்கவில்லை. அவள் வாயால் வா என்று சொன்னால் அன்றைக்கே பஸ் ஏறுவேன். அதுவரை, கறுப்புக் கட்டங்களுக்கு மட்டும் என் பக்கத்திலிருந்து ஒன்று, இரண்டு என்று எண் போட்டு, அந்தப் பலகையில் என்னோடு ஆடுங்கள்; காய் எந்தக் கட்டத்திலிருந்து எதற்குப் போகிறது என்று இரண்டு எண் எழுதினால் போதும். ஆட்டத்துக்காவது கடிதம் போகட்டும், வரட்டும்.

11-15

இப்படிக்கு,
மச்சான்


ஜனவரி 30

அன்புள்ள மச்சானுக்கு,

கிழிசல் இருப்பது உண்மைதான். நுரையீரல் சுருங்கிவிட்டது என்கிறார் டாக்டர். தண்ணீரில் போட்டுச் சுருங்கிய துணியை இழுத்து நீட்டிவிட முடியாது என்பது எனக்குத் தெரியாததா? மூக்கில் குழாய் வைத்திருக்கிறோம். முன்னறையில், ஜன்னலுக்கு எதிரே கட்டில். ஆனால் அவள் ஜன்னல் பக்கம் திரும்புவதில்லை.

"மச்சானுக்கு எழுதப் போறேன், ஏதாவது சொல்லணுமா?" என்று கேட்டேன். சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். "சுவத்துல என்ன, சினிமாவா ஓடுது?" என்றேன்.

சாக்குக்கட்டியால் கட்டங்களுக்கு எண் போட்டுவிட்டேன். வேறு இடம் இல்லாததால் பலகை அவள் கட்டிலுக்குப் பக்கத்து முக்காலியில் இருக்கிறது. பழையபடி உங்களை ஒரு கை பார்க்கிறேன்.

22-17

அன்புடன்,
மாப்பிள்ளை


பிப்ரவரி 14

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

ஒரு கை பார்க்கிறீர்களா? மத்தியான சாப்பாட்டு வேளையில் உங்கள் கடை மேஜையில் ஆடியதெல்லாம் மறந்துபோயிற்றா? காயைக் கண்டால் உங்களுக்குக் கண் தெரியாது. பின்னால் மூன்று காய் போகும் என்று தெரிந்தாலும் முன்னால் இருக்கிற ஒன்றை வெட்டிவிட்டுத்தான் தண்ணீர் குடிப்பீர்கள்.

ஜெராக்ஸ் கடைப் பெண் கேட்கிறாள், "இதுல அப்படி என்ன தாத்தா இருக்கு? செஸ்ஸாவது பரவாயில்ல, குதிரை, யானைன்னு இருக்கும். இது வெறும் மூடி." அதுதான் இதில் இருப்பது என்றேன். இங்கே பிறக்கும்போதே ராஜா என்று எவனும் இல்லை. எல்லாம் வெறும் மூடி. எதிர்க் கடைசிக்குப் போய்ச் சேர்ந்தவன் தலையில் செத்த மூடி ஒன்றை ஏற்றி ராஜா ஆக்குவோம். அதற்கப்புறம்தான் அவனுக்குப் பின்னால் திரும்பி வரவே அனுமதி. மற்றவனுக்கெல்லாம் வைத்த காலை எடுக்க வழி இல்லை. "பயமா இருக்கு தாத்தா உங்க ஆட்டம்" என்றாள். பயம்தான். அதனால்தான் ஆயுசு முழுக்க அலுக்கவில்லை.

இப்போது என் காயை உங்கள் வாய்க்கு முன்னால் வைக்கிறேன். உங்கள் 23 அதைத் தாண்டி 14-இல் உட்கார வேண்டும். அப்புறம் அதை என் 9 வெட்டும். ஒன்றுக்கு ஒன்று, கணக்கு நேர்.

அவள் சாப்பிடுகிறாளா? அதை எழுதுங்கள்.

15-18

இப்படிக்கு,
மச்சான்


மார்ச் 3

அன்புள்ள மச்சானுக்கு,

கஞ்சி மாதிரி ஏதாவது கொடுத்தால் இரண்டு வாய் சாப்பிடுகிறாள். மற்றபடி அப்படியேதான். மருந்துக்கடைக்குப் போகும் நேரம், சுருக்கமாக முடிக்கிறேன்.

24-20

அன்புடன்,
மாப்பிள்ளை


மார்ச் 16

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

இந்தக் கடிதத்தை அவள் காதில் விழும்படி படிக்காதீர்கள். வாசலுக்கு வந்து, கதவைச் சாத்திவிட்டுப் படியுங்கள்.

24-20 ஆடியது நீங்கள் இல்லை.

கையருகே காய் வைத்தும் வெட்டாமல் விட்டது உங்கள் கை இல்லை. தெரியாமல் விட்ட கையும் இல்லை. வெட்ட வேண்டிய காயை அப்படியே விட்டுவிட்டுப் பக்கத்துக் காயை எடுத்து ஓரத்துக்கு நகர்த்தியிருக்கிறது. அப்படிச் செய்கிற ஒரே ஒரு ஆளைத்தான் எனக்குத் தெரியும். பல் விழுந்த வாயோடு அவள் சொன்னது இன்னும் கேட்கிறது. "நீ வெட்டுன்னு கொண்டாந்து வச்சா நான் வெட்டணுமா? போடா." காய் போனாலும் போகட்டும், சொன்னதற்காக வெட்டமாட்டாள். தோற்றுத் தோற்று அழுவாள், ஆனால் வெட்டமாட்டாள். அப்பா சிரித்துச் சிரித்து இஸ்திரிப் பெட்டியைத் துணிமேல் மறந்து ஒரு சட்டையையே தீய்த்தார்.

எனக்குத் தெரிந்துவிட்டது என்று அவளுக்குத் தெரிய வேண்டாம். தெரிந்தால் அன்றோடு விட்டுவிடுவாள். நீங்களே ஆடுவதாகவே இருக்கட்டும்.

முறைப்படி 23-ஐ நான் ஊத வேண்டும். நான் அங்கே இல்லை. நீங்கள் கையால் எடுத்துவிடாதீர்கள், மாப்பிள்ளை. அவள் பக்கத்தில் நின்று ஊதுங்கள்.

ஜெராக்ஸ் கடைப் பெண் பேனாவை வைத்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். "எழுதும்மா" என்றேன். "எழுதிக்கிட்டுத்தான் தாத்தா இருக்கேன்" என்கிறாள், எழுதாமல்.

23 ஊதியது. 7-11

இப்படிக்கு,
மச்சான்


ஏப்ரல் 2

அன்புள்ள மச்சானுக்கு,

உங்களிடம் மறைக்க முடியாது. அன்றைக்கு மருந்துக்கடையிலிருந்து வந்தேன். 24-இல் இருந்த மூடி 20-இல் இருந்தது. அவள் சுவர்ப் பக்கம் திரும்பித்தான் படுத்திருந்தாள். ஆனால் மூக்குக் குழாய் முக்காலிக் காலில் சுற்றியிருந்தது. நானும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. இருந்ததை அப்படியே உங்களுக்கு எழுதினேன்.

நீங்கள் சொன்னபடி "இருபத்துமூணு, ஊதியது" என்று மட்டும் சத்தமாகப் படித்துவிட்டுக் குனிந்து ஊதினேன். என் ஊதலுக்கு மூடி லேசாக நடுங்கியது, அவ்வளவுதான். இன்னொரு தரம் ஊதினேன். சுவரைப் பார்த்தபடியே அவள் சொன்னாள், "அவன் ஒரே ஊதுல கட்டிலுக்கு அடியில தள்ளுவான்."

பையன் போனதிலிருந்து உங்களைப் பற்றி அவள் வாயில் வந்த முதல் பேச்சு அது. நான் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றேன்.

இதோடு அவளுடைய ஆட்டத்தை அனுப்புகிறேன். என்னுடையது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

28-24

அன்புடன்,
மாப்பிள்ளை


ஜூலை 9

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

போன கடிதத்தில் மூச்சு இன்னும் இறங்கியிருப்பதாக எழுதியிருந்தீர்கள். அதைக் கேட்டபின் எனக்கு இங்கே மூச்சு விடவே ஒரு மாதிரி இருக்கிறது.

இத்தனை கடிதமாக முடிந்தபோதெல்லாம் ஒரு காயை அவள் முன்னால் வைத்துப் பார்க்கிறேன். வேறு வழியில்லாமல் வரிசையில் வருவதை வெட்டுகிறாள். நானாகக் கொண்டுபோய் வைப்பதைத் தொடமாட்டேன் என்கிறாள். ஊதவும் எனக்கு மனசு இல்லாமல் போயிற்று. ஊதினால் அவள் பக்கம் காய் குறைகிறது. அதனால் பார்த்தும் பார்க்காத மாதிரி விட்டுவிடுகிறேன். அதற்கும் முறையில் இடம் உண்டு.

அடக்கத்தன்று மழை பெய்ததே, ஞாபகம் இருக்கிறதா? நீங்கள் முன்னால் போய்விட்டீர்கள். நான் அவள் பக்கத்தில் நடந்து குடையை நீட்டினேன். வாங்கவில்லை. நான் மடக்கிக்கொண்டேன். இரண்டு பேரும் நனைந்துகொண்டே போனோம். கையில் குடையோடு நனைகிறவனைப் பார்த்து வழியில் ஒருத்தன் சிரித்தான். அவன் முகம்கூட எனக்கு ஞாபகம் இருக்கிறது.

வரட்டுமா என்று நான் கேட்கமாட்டேன். கேட்டால் அதுவும் கொண்டுபோய் வைத்த காய்தான். ஆனால் பெட்டியில் இரண்டு சட்டை மடித்து வைத்திருக்கிறேன் என்பதை நீங்கள் தெரிந்துகொள்வதில் தப்பில்லை.

என் காயை 15-இல் வைக்கிறேன். அவளுடைய 18 அதை வெட்டி 11-க்குப் போகலாம். போனால் என் 8 அவளை வெட்டியாக வேண்டும். எல்லாம் அவளுக்கே தெரியும்.

10-15

இப்படிக்கு,
மச்சான்


ஜூலை 28

அன்புள்ள மச்சானுக்கு,

எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. நடந்தபடியே எழுதுகிறேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் உங்கள் எண்ணைச் சத்தமாகப் படித்து, உங்கள் மூடியை 15-இல் வைத்தேன். அவள் சுவரிலிருந்து முகத்தைத் திருப்பினாள். பிறகு, "என்னைத் தூக்கி உக்கார வைங்க" என்றாள். தலையணை கொடுத்து உட்காரவைத்தேன். நான் இருக்கும்போதே, என் கண்ணெதிரே, கையை நீட்டினாள். விரல் பட்டு இரண்டு மூடி விழுந்தது. எந்த மூடி எங்கே இருந்தது என்று அவளே சொல்லி, திரும்ப வைக்கச் சொன்னாள். அப்புறம் 18-ஐ எடுத்து, உங்கள் மூடியைத் தாண்டி 11-இல் வைத்தாள். வெட்டிய மூடியைக் கீழே வைக்கவில்லை. கைக்குள் வைத்துக்கொண்டாள்.

"இப்போ அவன் வெட்டணும்," என்றாள். "வெட்டுறானான்னு பாப்போம்."

அவ்வளவுதான் சொன்னாள். இனி நான் ஒரு வார்த்தையும் சேர்த்து எழுதப் போவதில்லை, நீங்கள் கண்டுபிடித்துவிடுவீர்கள். வா என்று சொல்லவில்லை, மச்சான். நாளைக்குச் சொல்வாள் என்று நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமை காலை, நான் முகம் கழுவிவிட்டுத் திரும்புவதற்குள் போய்விட்டாள்.

ஜெராக்ஸ் கடைக்குத் திரும்பத் திரும்ப போன் செய்தேன். ஞாயிற்றுக்கிழமை, யாரும் எடுக்கவில்லை. அடக்கத்தைத் தள்ளிவைக்க முடியவில்லை. பையனுக்குப் பக்கத்திலேயே இடம் கிடைத்தது. அந்த மூடி அவள் கையிலேயே போயிற்று. நான் எடுக்கவில்லை.

இனி நீங்கள் இங்கே வரலாம். தடுக்க யாரும் இல்லை. என்னோடு வந்து இருங்கள். பலகையைக் கலைக்காமல் வைத்திருக்கிறேன்.

18-11

மாப்பிள்ளை


ஆகஸ்ட் 6

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உங்கள் கடிதத்தை ஜெராக்ஸ் கடைப் பெண் மனசுக்குள் ஓட்டிப் பார்த்துவிட்டு மடித்துவிட்டாள். "மேல படிம்மா" என்றேன். "கடைசியில நம்பர் இருக்கு தாத்தா" என்றாள். "அதை முதல்ல படி." படித்தாள். பதினெட்டு, பதினொன்று.

வெட்டிவிட்டாள் என்று தெரிந்தது. ஒரு மூச்சு நேரம் எனக்கு இருந்த சந்தோஷம், மாப்பிள்ளை, யாரிடமும் சொல்லி முடியாது. "வெட்டிட்டாம்மா, என் தங்கச்சி வெட்டிட்டா" என்று கடைப் பெண்ணின் கையைப் பிடித்துக் குலுக்கினேன். அந்தப் பெண் அழுதுகொண்டிருந்தாள். அப்போதுதான் மேலே என்ன எழுதியிருக்கும் என்று விளங்கியது.

கூப்பிட்டதற்கு நீங்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. நான் வரவில்லை. வாசப்படி மிதிக்காதே என்று சொன்னவள் அதை மாற்றிச் சொல்லாமல் போயிருக்கிறாள். ஆள் இல்லை என்று இப்போது நுழைந்தால் அது நுழைந்த மாதிரியாகாது. மடித்து வைத்த சட்டைகளை எடுத்து ஆணியில் மாட்டிவிட்டேன். நீங்கள் நேரத்துக்குச் சாப்பிடுங்கள். கதவைச் சாத்திக்கொண்டு உட்காராதீர்கள்.

நீங்கள் பலகையைக் கலைக்கலாம். கலைக்காமல் வைத்திருந்தாலும் அது உங்கள் இஷ்டம். என் 8 இப்போது 11-ஐ வெட்ட வேண்டும். வெட்டுகிறானா பார்ப்போம் என்று கேட்டாள் அல்லவா? நான் வெட்டவில்லை. இந்தக் கடிதத்தின் அடியில் எண் இருக்காது. முறைப்படி அவள்தான் என் 8-ஐ ஊதித் தள்ள வேண்டும். ஊதட்டும் என்று காத்திருக்கிறேன்.

அப்பா சலவைக்கூடத்திலேயே, நின்ற வாக்கில் போனார். அம்மா அவருக்கு அடுத்த குளிர்காலத்தில். வாட்ச்மேன், ஓட்டலை இடித்த வருஷம். அண்ணன் டைபாய்டுக்குத் தப்பியும் நெஞ்சுவலிக்குத் தப்பவில்லை. இப்போது அவள். அப்பா கடைசிக் கட்டத்துக்குச் சூடு வைத்தபோது மேஜையைச் சுற்றி நின்றவர்களில் இன்னும் மூச்சு இருப்பது,

ஊதாங்குழல்