மடியில் துண்டு

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. இங்கு யாவரும் நலம் என்று தொடங்கக் கை வரவில்லை. அண்ணனுக்குக் காய்ச்சல் இறங்கிவிட்டது, நெஞ்சில் சளி குறைந்திருக்கிறது, நாளை காலை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். இதுவரைக்கும் உண்மை. நீயும் அத்தானும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

இந்தக் காலத்தில் யாராவது கடிதம் எழுதுவார்களா என்று சிரிப்பாய். போனில் பேச முடியாது அக்கா. அண்ணன் பக்கத்தில் இருக்கும்போது எதையும் பேச முடியாது, அவன் எப்போதும் பக்கத்தில்தான் இருக்கிறான். சொல் புரியாவிட்டாலும் குரல் அவனுக்குப் புரியும். என் குரல் கொஞ்சம் ஏறினால் போதும், தன் மணிக்கட்டைக் கடித்துக்கொள்வான். அதனால் அம்மா போன இந்த ஆறு வருடமும் உன்னிடம் நான் பேசியதெல்லாம் ரேடியோவில் செய்தி வாசிக்கிறவர் குரலில்தான். இப்போது அவன் வார்டில் தூங்குகிறான். நான் வெளியே ஒரு கால் ஆடும் பெஞ்சில் உட்கார்ந்து, கம்பெனி லிஃப்ட் சோதனைத் தாள்களின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டிருக்கிறேன். முன்பக்கத்தைப் படித்துப் பயந்துவிடாதே, அதில் போட்டிருக்கிற தேய்ந்த கம்பி வடம் இந்த ஆஸ்பத்திரி லிஃப்டுடையது இல்லை.

ஆஸ்பத்திரியில் ஐந்து நாளாக அவனை வேறு யாரோ துடைக்கிறார்கள், வேறு யாரோ புரட்டிப் படுக்க வைக்கிறார்கள். நான் இரண்டு நாள் நன்றாகச் சாப்பிட்டேன், முகச்சவரம் செய்துகொண்டேன். நர்ஸ் என்னிடம் வந்து, "உங்க அண்ணன் எவ்வளவு சமத்து! படுங்கன்னா படுத்தே இருக்காரு, இப்படி ஒரு நோயாளிய நாங்க பார்த்ததே இல்ல" என்றார். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

போன வாரம் உன்னிடம் சொன்னது பொய். அவசர வேலை வந்தது, முடிய நேரமாகிவிட்டது, அதற்குள் மழையில் நனைந்துவிட்டான் என்றேன். நீயும் "பாவம்டா நீ, எத்தனைய பார்ப்பே" என்றாய். அந்தப் பாவம் என் தொண்டையில் சிக்கிக்கொண்டு நிற்கிறது. அதை எடுத்துப் போடத்தான் இந்தக் கடிதம்.

அம்மாவின் துண்டுப் பழக்கம் உனக்கு நினைவிருக்கும். சின்ன வயதில் அண்ணன் கதவைத் திறந்துகொண்டு போய்ப் படியில் உருண்டானே, அதற்குப் பிறகு வந்தது. கடைக்கோ குழாயடிக்கோ போகும்போது அம்மா அவனை ஜன்னலோரம் நாற்காலியில் உட்காரவைத்து, மடியில் ஒரு துண்டை விரித்துவிட்டு, "அம்மா வந்து எடுக்கற வரைக்கும் எழுந்திருக்கக் கூடாது, சரியா ராசா?" என்பாள். பத்து நிமிடத்துக்கு மேல் அவள் போனதே இல்லை. திரும்பி வந்து துண்டை எடுக்கும்போது "ஆச்சு" என்பாள். அவன் எழுந்திருப்பான். அம்மாவுக்குப் பிறகு நானும் அதையே செய்தேன். மாடியில் துணி காயப்போட, குப்பை கொட்ட. பத்து நிமிடம் இருபது ஆனது. இருபது முக்கால் மணியும் ஆனது.

வியாழக்கிழமை, காலையில் பார்த்துக்கொள்ள வருகிற அம்மாள் வழக்கம்போல் ஒரு மணிக்குப் போய்விட்டார். ஒன்றரைக்கு ஆபீசிலிருந்து போன். எட்டு மாடிக் கட்டடத்தில் ஒரு பெண்ணும் இரண்டு குழந்தைகளும் லிஃப்டில் மாட்டிக்கொண்டார்கள், பக்கத்தில் இருப்பது நான்தான். துண்டை விரித்தேன். ஓடினேன். மேலே மோட்டார் அறையில் பிரேக்கைத் தளர்த்திச் சக்கரத்தைக் கையால் சுற்றி, லிஃப்டை ஐந்தாம் மாடிக்கு இறக்கிக் கதவைத் திறந்தபோது மணி இரண்டேகால். அந்தப் பெண் அழுதுகொண்டே என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஒரு மணி நேரம்தான் உள்ளே இருந்தாளாம், ஒரு வருடம் போல இருந்ததாம். நான் சிரித்தேன்.

இனிமேல்தான் நான் சொல்லாத பகுதி. கருவிப் பையை எடுக்க மறுபடியும் மோட்டார் அறைக்கு ஏறினேன். எடுத்தேன். பிறகு கீழே வைத்தேன். சிமெண்டுத் தரை ஜில்லென்று இருந்தது. உட்கார்ந்தேன், அப்புறம் படுத்தேன். யாரும் என்னைக் கூப்பிடவில்லை, யாரும் என் சட்டையைப் பிடித்து இழுக்கவில்லை. போனை அணைத்தேன். மூன்று மணி வாக்கில் கூரையில் மழைச் சத்தம் கேட்டது. வீட்டு ஜன்னல் திறந்திருப்பது ஞாபகம் வந்தது. மறந்துவிட்டேன் என்று எழுத எவ்வளவோ ஆசை, ஆனால் ஞாபகம் வந்தது அக்கா. பெரிய மழையில்லை, நின்றுவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு புரண்டு படுத்தேன். தூங்கியும் போனேன்.

அந்த மூன்று மணி நேரம் நான் சந்தோஷமாக இருந்தேன். இதை எழுதாமல் மற்றதை எழுதிப் பிரயோசனமில்லை.

வீட்டுக்கு வந்தபோது ஐந்தரை. தரையெல்லாம் தண்ணீர். அவன் நாற்காலியில் அப்படியே இருந்தான், தலைமுடி நெற்றியில் ஒட்டியிருந்தது, பல் கிட்டியிருந்தது. மடியில் துண்டு. கைகளைத் துண்டுக்கு மேலே, அது பறந்துவிடாதபடி வைத்திருந்தான். இரண்டடி தள்ளி நகர்ந்திருந்தால் நனைந்திருக்க மாட்டான். எழுந்து உள்ளே போக வேண்டியதுதானே என்று கத்தினேன். கத்தினதோடு நிற்கவில்லை. கன்னத்தில் அறைந்தேன். ஒரு தடவை இல்லை, இரண்டு தடவை. அவன் மணிக்கட்டைக் கடிக்கக்கூட இல்லை, கடிக்க வேண்டுமென்றால் துண்டிலிருந்து கையை எடுக்க வேண்டுமே. என்னையே பார்த்துக்கொண்டு "ஆச்சா?" என்று கேட்டான்.

நான் துண்டை எடுத்த பிறகுதான் எழுந்திருக்கப் பார்த்தான். கால் மரத்துப்போய் என் மேலேயே சாய்ந்தான். எண்பத்திரண்டு கிலோ. இரண்டு பேரும் அந்தத் தண்ணீரில் உட்கார்ந்திருந்தோம்.

துண்டைக் கிழித்துத் துடைக்கிற துணியாக ஒர்க்‌ஷாப்பில் போட்டுவிட்டேன். அதனால் என்ன, எந்தத் துண்டானாலும் வேலை செய்யும். அடித்தது வெட்கமாக இருக்கிறது, ஆனால் பயம் அதைப் பற்றியில்லை. நாலு மணி நேரம் விட்டுவிட்டுப் போனாலும் அவன் எழுந்திருக்க மாட்டான் என்று எனக்கு இப்போது தெரிந்துவிட்டது. தெரிந்ததைத் தெரியாததாக்க முடியவில்லை. நாளைக்கு அவனை அதே நாற்காலிக்குத்தான் கூட்டிப் போகப்போகிறேன்.

இரண்டு மாதத்துக்கு முன், அண்ணன் மாதிரி ஆட்களை வைத்துப் பார்த்துக்கொள்கிற அந்த இல்லத்தைப் பற்றி நான் சொன்னபோது, அம்மா உயிரோடு இருந்திருந்தால் இப்படிக் கேட்டிருப்பாயா என்று கேட்டாய். வாயை மூடிக்கொண்டேன், அண்ணன் பக்கத்தில் இருந்தான். இப்போது பதில் சொல்கிறேன். அம்மா இருந்திருந்தால் நான் எதற்குக் கேட்கிறேன்? நானும் உன்னைப் போல எங்கேயாவது உட்கார்ந்துகொண்டு, வாரம் ஒருமுறை போன் பண்ணி, அண்ணன் இளைத்திருக்கிறானே என்று கவலைப்பட்டிருப்பேன். கோபித்துக்கொள்ளாதே. கோபித்துக்கொண்டாலும் சரி.

ஞாயிற்றுக்கிழமை நீ போனில் பார்க்கிற அண்ணன் நான் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து தயாரிக்கிற அண்ணன். சவரம் செய்து, நகம் வெட்டி, நீ அனுப்பிய நீலச் சட்டையைப் போட்டு, பின்னால் சுவர் கறை தெரியாமல் நாற்காலியைத் திருப்பி வைப்பேன். நீ "என்னடா மாப்பிள்ளை மாதிரி இருக்கே!" என்பாய், அவன் குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பான். தப்பு என்னுடையதுதான். உள்ளதை உள்ளபடி காட்டியிருந்தால் நீ என்றைக்கோ விமானம் ஏறியிருப்பாய். எனக்குக் கெட்டிக்காரன் என்று பெயர் வாங்கும் ஆசை.

சேர்க்கைப் படிவம் முழுவதையும் நிரப்பிவிட்டேன். எடை, மாத்திரை, பேண்ட் போடும்போது முதலில் எந்தக் கால், எந்தச் சத்தத்துக்குப் பயப்படுவான், எல்லாம் கடகடவென்று வந்தது. எதைக் கண்டால் சந்தோஷப்படுவார் என்று ஒரு கேள்வி. பேனா நின்றுவிட்டது. கடைசியில் "அக்காவின் போன்" என்று எழுதினேன். தினமும் கழுவிவிடுகிறவன் நான், முகம் மலர்வது உனக்கு. எனக்கு உன்மேல் இருக்கிற எரிச்சலில் பாதி இதுதான் என்று அப்போது புரிந்தது. சிரிக்காதே.

அந்த இல்லம் சொர்க்கம் என்று சொல்ல மாட்டேன். பினாயில் வாடை அடிக்கிறது, கட்டில்கள் நெருக்கமாக இருக்கின்றன. ஆனால் எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அங்கே ஆள் மாறுகிறார்கள். எரிச்சலாக இருக்கிறவர் வீட்டுக்குப் போய்விடுகிறார், தூங்கி எழுந்தவர் வருகிறார். பஸ்ஸில் அரை மணி நேரம். வாரத்தில் நாலு நாள் போய் அவனோடு உட்காருவேன், வெறுமனே, அண்ணன் தம்பியாக. அப்படி உட்கார்ந்து எத்தனை வருடமாகிறது தெரியுமா? இடத்தை வருகிற இருபதாம் தேதி வரைதான் வைத்திருப்பார்களாம். உடன்பிறந்தவர்கள் எல்லாரும் கையெழுத்துப் போட வேண்டும். எல்லாரும் என்றால் நீயும் நானும்தான். படிவத்தை இதோடு கூரியரில் வைக்கிறேன், நாலைந்து நாளில் உன் கையில் இருக்கும். என் கையெழுத்துக்குக் கீழே உன் இடம் காலியாக இருக்கிறது.

கையெழுத்துப் போட மனம் வரவில்லையென்றால் நீ வா. பத்து நாள் வந்து இரு, நான் வெளியே போகிறேன், அப்புறம் நீ என்ன சொன்னாலும் கேட்கிறேன். இரண்டும் முடியாது என்றால் என்னைத் திட்டி எழுது, அண்ணனை அடித்ததற்கு நாலு வார்த்தை கேள். அதற்குத் தகுதி உனக்குத்தான் இருக்கிறது. "நீ இருக்கறதால நான் நிம்மதியா இருக்கேன்டா" என்று மட்டும் இனிமேல் சொல்லாதே அக்கா. அதைக் கேட்கிற ஒவ்வொரு முறையும் வெளியிலிருந்து யாரோ தாழ்ப்பாள் போடுகிற மாதிரி இருக்கிறது.

அத்தானுக்கு என் வணக்கம். உன் பிள்ளைகள் இருவருக்கும் இந்த மாமாவின் ஆசி. இரண்டு பேரும் நன்றாகச் சண்டை போடட்டும். கதவை அறைந்து சாத்திவிட்டு, ஒருவரையொருவர் திரும்பிப் பார்க்காமல், அவரவர் காலில் அவரவர் வழியே போகட்டும்.

இப்படிக்கு,
உன் தம்பி