வெள்ளைக் காய்

அன்பு மகளுக்கு,

சதுரங்கப் போட்டியில் நான் ஆட்டத்தையே மறந்துபோய்த் திருதிருவென்று விழித்ததாக உன் அத்தை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அது தவறு.

என் எதிரே உட்கார்ந்தவர் ஒரு பல் மருத்துவர். நடுவர் சதுரங்கக் கடிகாரத்தை ஓடவிட்டார். நான் கைகளை மடியில் வைத்துக்கொண்டு, அவர் காய் நகர்த்தட்டும் என்று காத்திருந்தேன். வெகுநேரம் கழித்து அவரே குனிந்து சொன்னார்.

"என்ன ஆன்ட்டி, ஜெபமா? வெள்ளைக் காய் உங்களோடது. நீங்கதான் ஆரம்பிக்கணும். உங்க நேரம்தான் ஓடுது."

"என் நேரம்தானே, ஓடட்டும்" என்றேன். நான்தான் தொடங்க வேண்டும் என்பது அவர் சொல்லும்வரை எனக்குத் தோன்றவே இல்லை.

கல்யாணமானதிலிருந்து சாகும்வரை உன் அப்பாதான் வெள்ளை. தினமும் சாப்பாட்டுக்குப் பிறகு, ராஜாவுக்கு முன்னால் நிற்கும் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளுவார். நான் பதில் ஆடுவேன். ஆட்டத்தைத் தொடங்கி எனக்குப் பழக்கமில்லை. அன்றும் அவருடைய சிப்பாயைத்தான் தள்ளினேன். பிறகு எனக்குத் தெரிந்த பதில்களையெல்லாம் மருத்துவர் ஆடினார். தோற்றேன். கான்வென்ட்டில் படித்தவள், கைகுலுக்கிவிட்டுத்தான் எழுந்தேன். வருத்தமாக இல்லை. வேறெதுவும் தோன்றவும் இல்லை.

இதை வைத்து நீ ஞாபகமறதி மருத்துவரிடம் நாள் வாங்கியிருப்பதும், முதியோர் இல்லத்தில் அறை பார்த்திருப்பதும் எனக்குத் தெரியும். இரண்டையும் ரத்து செய். நான் வீட்டைவிட்டு வரமாட்டேன்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். நாங்கள் ஆடும்போது நீ பக்கத்து அறையில் படித்துக்கொண்டிருப்பாய்; எல்லாம் காதில் விழுந்திருக்கும். நான் ஒரு நாளாவது அவரிடம் வெள்ளையைக் கேட்டேனா? எனக்கு நினைவில்லை. போனில் சொல்லாதே, எழுது.

உன் அம்மா