ஆகார் உட்கார வேண்டிய தூரம்

கர்த்தருடைய கைக்குள் இருக்கிற என் மகளுக்கு, அம்மா எழுதிக்கொள்வது. நாங்கள் சுகம் என்று எழுதினால் அது பாதிப் பொய், உன் சுகம் கேட்டால் நீ எழுதப்போவது முழுப் பொய், அதனால் அந்த வரியைத் தாண்டிப் போகிறேன். போனில் பேச ஆரம்பித்தாலே அழுதுவிடுகிறேன், வயிற்றில் கட்டியை வைத்துக்கொண்டு நீ எனக்கு ஆறுதல் சொல்ல வேண்டியதாகிறது, அதற்காகத்தான் நீ இருக்கிற தேசத்துக்கு வருகிற மேல்வீட்டு நர்ஸ் அக்கா கையில் இந்தக் கடிதம். செவ்வாய்க்கிழமை உன்னைப் பார்த்துவிட்டு அன்றைக்கே வேலைக்கு வேறு ஊர் போய்விடுவாளாம், உன் ஆபரேஷன் வியாழன். எங்களுக்கு இரண்டாம் தடவையும் விசா இல்லை என்று வந்துவிட்டது. அப்பா அந்தக் காகிதத்தை நாலு தரம் படித்தார், படிக்கப் படிக்க மாறிவிடும் என்பது போல.

பிள்ளைகளின் வேதபாடப் புத்தகத்துக்குப் போதகர் ஐயா ஒரு படம் கேட்டிருந்தார், உன் ரிப்போர்ட் வருவதற்கு முன்பே ஒப்புக்கொண்டது. வீட்டைவிட்டுத் துரத்தப்பட்டு, பிள்ளையோடு வனாந்தரத்தில் ஆகார். தண்ணீர் தீர்ந்துபோய், பிள்ளையைச் செடிக்குக் கீழே விட்டு, அது சாவதைப் பார்க்க மனசில்லாமல் எட்டப் போய் உட்கார்ந்து அழுகிற இடம். நான் யாரிடமும் படித்து வரைகிறவள் இல்லையே, கண்ணால் பார்க்காததை என் கை வரையாது. அதனால் கல்குவாரிக்குப் பின்னால் இருக்கிற பொட்டலுக்கு அப்பாவும் நானும் தினம் விடிந்ததும் போனோம். எத்தனை மணிக்கு எந்தச் செடிமேல் வெயில் விழுகிறது, நிழல் எத்தனை அடி என்று வீட்டுக் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் எழுதி வைத்தேன். ஆறே முக்காலிலிருந்து ஏழே கால் வரைதான் மண் செம்பு நிறம், அப்புறம் எல்லாம் வெளுத்துவிடும். முள்செடிக்குக் கீழே பிள்ளைக்குப் பதில் ஒரு தலையணை, நூறு தப்படி தள்ளி ஆகாருக்குப் பதில் அப்பா, தலையில் என் போர்வையோடு. ஆகாருக்கு மீசை உண்டான்னு வேதத்துல பார்த்துச் சொல்லு என்று அங்கிருந்தே கத்துவார். ஒரு கௌதாரி குஞ்சுகளோடு தலையணையைச் சுற்றி மேய்ந்தது, அதை வரைந்தேன், கல்மேல் தலையாட்டுகிற ஓணானையும் வரைந்தேன். விசா காகிதம் வந்த மறுநாள் நிமிர்ந்து பார்க்கிறேன், அப்பாவை அவர் இடத்தில் காணோம். செடிக்குக் கீழே, தலையணைக்குப் பக்கத்தில் சப்பணம் போட்டு உட்கார்ந்திருக்கிறார். வெளிச்சம் போகுது, எழுந்து உங்க இடத்துக்குப் போங்க என்று சத்தம் போட்டேன். வேணும்னா நீ போய் எட்ட உட்காரு, என்னால முடியாது என்றார். நோட்டை மூடிவிட்டு நானும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

படத்தில் எல்லாம் வந்துவிட்டது, அந்தத் தாய் இருக்க வேண்டிய இடம் மட்டும் வெறும் காகிதம். எட்ட வரைந்தால் நானே அழித்துவிடுகிறேன், பக்கத்தில் வைத்தால் வேத வசனத்துக்குப் பொய். தேவதூதனையும் அவர் காட்டுற கிணற்றையும் போட்டு முடிச்சிடும்மா, கதை நல்லபடியாத்தானே முடியுது என்கிறார் ஐயா. முடிவு உங்களுக்குத் தெரியும், அந்த நேரத்தில் அவளுக்குத் தெரியாதே ஐயா என்றேன். ஜெபிக்க முழங்கால் போட்டாலும் உன் பேரைச் சொன்னதோடு நின்றுபோகிறது, மேலே வார்த்தை வரமாட்டேன் என்கிறது.

ஒன்றும் சாப்பிடாதே என்று சொன்னால் தண்ணீரும் சேர்த்துத்தான், உன் வழக்கப்படி களவாய்க் குடிக்காதே. நகப்பூச்சை அழித்துவிடு. காகிதத்தைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடு. உன்னை எனக்குக் கொடுத்தவர் உன் தலைமாட்டில் நிற்பார், அதை நான் நம்புகிறேன். உன் தோழிக்கும் லீவு கிடைக்கவில்லை என்றாயே, அப்படியானால் நீ கண் விழிக்கும்போது பக்கத்தில் யார் இருப்பாள் என்று முன்னமே கேட்டு, அவள் பேரை மட்டும் போனில் அனுப்பு. நர்ஸோ, அடுத்த கட்டில்காரியோ, எந்தத் தேசத்தாளானாலும் சரி. வியாழக்கிழமை முழுக்க நான் அவளுக்காக ஜெபிக்க வேண்டும்.

முத்தங்களுடன்,
உன் அம்மா