துப்புரவு மீன்

மார்ச் 3
ஏரிக் குழுவின் ஆய்வாளரம்மா கடைக்கு வந்தார். வெளியிலிருந்து வந்த உயிர்களை ஜனங்கள் ஏரியில் விட்டு அதைக் கெடுக்கிறார்களாம். ஊரெங்கும் சுவரொட்டி ஒட்டப்போகிறார்கள். அதில் எந்த உயிரின் படத்தைப் போடுவது?

“ஜனங்க எதைப் பார்த்து நிப்பாங்கன்னு உங்களுக்குத்தான் தெரியும், முதலாளி.”

இருபது வருஷமாய் வண்ணமீன் விற்கிறவனுக்கு இதுகூடத் தெரியாதா? ஓரத்தில் ‘நம்பிக்கை வண்ணமீன் நிலையம்’ என்று போடுவார்களாம். விளம்பரம் கசக்குமா?

மார்ச் 5
குழுவில் பாதிப் பேர் ஏரியைக் கெடுக்கிற மீனையே போடச் சொல்கிறார்கள். அருவருப்பைக் காட்டிச் சரக்கு நகர்ந்து நான் பார்த்ததில்லை. “மனசுக்குப் பிடிச்சதைக் காட்டுங்க. அது போயிடும்னு சொல்லுங்க” என்றேன். எது பிடிக்கும்? அதுதான் தெரியவில்லை.

மார்ச் 9
விடியலில் வலைக்காரரின் படகில் போனேன். நாணல் ஓரம் ஒரு முக்குளிப்பான், புறா அளவில் முங்கி நீந்துகிற பறவை. திடீரென்று முதுகுச் சிறகு விலகி மூன்று தலைகள் எட்டிப் பார்த்தன! வரி வரியாய், மொச்சைக் கொட்டை அளவில். குஞ்சுகளைச் சுமந்துகொண்டு நீந்துகிறது. அதன் கூடு தண்ணீர்மேல் மிதக்கிறது, செடியோடு கட்டிப்போட்டதுபோல். யார் சொல்லிக் கொடுத்தது இதற்கு? இத்தனை வருஷம் கண்ணாடித் தொட்டியைப் பார்த்தே காலம் போயிருக்கிறது. வாய் பிளந்து உட்கார்ந்திருந்தேன். சுவரொட்டிக்கு இதுதான் படம்.

பிறகு அவர் வலையை இழுத்தார். முழுக்க ஒரே மீன். கறுப்புக் கவசம், அடியில் வாய். என் தொட்டியில் விரல் நீளம், இங்கே முழ நீளம்.

“கரையெல்லாம் பொந்து, செடியெல்லாம் நாசம். செடி போனா இந்தக் குருவி எங்க கூடு கட்டும்?”

“யாருங்க விடுறாங்க?”

“நல்லதுன்னு நினைச்சுத்தான் விடுறாங்க. பேரே துப்புரவு மீனாம், ஏரியைச் சுத்தம் பண்ணுமாம்! எந்தப் புத்திசாலி வெச்ச பேரோ!”



அந்தப் புத்திசாலி நான்தான். யாரும் சீண்டாத மீன் அது. தொட்டிக் கண்ணாடியில் பாசி மேய்வதைப் பார்த்து ஒருநாள் ‘துப்புரவு மீன்’ என்று சீட்டில் எழுதித் தொட்டியில் ஒட்டினேன். இப்போது ஊரில் எல்லாக் கடையிலும் அதே பேர்.

மார்ச் 10
சொல்வதா? சொன்னால் கடைப்பேர் நாறிவிடும். சொல்லாவிட்டால் — சுவரொட்டியில் மேலே முக்குளிப்பான், கீழே ‘நம்பிக்கை’ என்று என் கடைப்பேர்! நல்ல கூத்து.

மனைவி கேட்டுவிட்டுச் சிரித்தாள். “மீனுக்குத்தானே பேர் வெச்சீங்க? பெத்த பிள்ளைக்கு வெச்ச மாதிரி முழிக்கிறீங்க! வெச்ச வாயாலேயே போய் எடுத்துட்டு வாங்க.”

மார்ச் 12
சொல்லிவிட்டேன். ஆய்வாளரம்மா குறிப்பேட்டைத் திறந்தார். “இதையே சுவரொட்டியில போடலாமா, முதலாளி?”

“போடுங்க” என்றேன்.

குஞ்சு சுமக்கும் முக்குளிப்பான். அதன் கீழே என் எழுத்து: ‘துப்புரவு மீன் என்று பேர் வைத்தவன் நான். அது ஏரியைச் சுத்தம் செய்யாது. அங்கே விடாதீர்கள். என் கடையில் கொண்டுவந்து கொடுங்கள்.’

மார்ச் 13
சீட்டைச் சுரண்டி எடுத்தேன். பசை அவ்வளவு சுலபமாய் விடவில்லை.

ஏப்ரல் 20
காலையில் ஏரிக்குப் போய்ப் பார்த்தேன். குஞ்சுகள் தனியாக முங்குகின்றன! கடை திறக்கத் தாமதமாகிவிட்டது. வாசலில் ஒரு அம்மா, மூடிய வாளியோடு காத்திருந்தார்.

“முக்குளிப்பான் கடை இதுதானுங்களே?”

தலைக்கு மேலே பலகையில் நம்பிக்கை வண்ணமீன் நிலையம் என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது.

“இதேதாம்மா” என்று வாளியை வாங்கிக்கொண்டேன்.