இடது உதடு

ஜூலை 7, 2024, ஞாயிறு

ராயபுரத்தில் பேண்ட் பிராக்டிஸ். பழைய பனியன் குடோனின் மாடி. ஃபேன் ஓடினாலும் அனல்தான். ஒன்பது பேரும் வந்தார்கள், அதுவே அதிசயம். மற்ற நாளெல்லாம் ஆளாளுக்குக் கம்பெனி, ஷிப்மென்ட்.

முடிக்கிற நேரத்தில் பொங்கியண்ணன் போன் செய்தார். அவருடைய எக்ஸ்போர்ட் கம்பெனிக்கு வெள்ளி விழா. "ஆகஸ்ட் பதினேழு டின்னர் வெச்சிருக்கறனுங்க. கொலம்பியாவுல இருந்து நம்மகிட்ட சரக்கு எடுக்கற பையர் சம்சாரத்தோட வர்றாருங்க. உங்க சல்சாதான் வேணும்."

கொலம்பியாக்காரர்களுக்கு இந்த ஆட்டப் பாட்டு ரத்தத்தில் ஊறியது. கல்யாண பேண்டில் ட்ரம்பெட் ஊதிக்கொண்டு, பகலில் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்தவன் நான். எவனோ ஒரு பையர் விட்டுவிட்டுப் போன சல்சா கேசட்டைத் தேயத் தேயக் கேட்டு, ஆள் சேர்த்து, 'கொங்கு சல்சா' என்று பெயர் வைத்து இருபத்திரண்டு வருஷம். ரிசப்ஷனில் கைதட்டுகிறார்கள். ஆனால் நாங்கள் வாசிப்பது சல்சாதானா? அதைச் சொல்லத் தெரிந்த ஒருவர் முன்னால் இதுவரை வாசித்ததில்லை.

ஜூலை 9

விருந்துக்கான புதுப் பாட்டுக்கு ட்ரம்பெட் சோலோ எழுதி முடித்தேன். நான் தனியாக ஊத, எனக்காகவே எழுதியது.

ஜூலை 11, வியாழன்

காலையில் வாய் கொப்பளித்தேன். தண்ணீர் இடது பக்கமாக ஒழுகிச் சட்டையை நனைத்தது. ஏதோ தூக்கக் கலக்கம் என்று நினைத்தேன். கலாமணிதான் பார்த்தாள்.

"ஏனுங்க, வாய் ஒரு பக்கமா இழுக்குதுங்க. எங்க, சிரிங்க பாக்கலாம்."

சிரித்தேன். அவள் அழ ஆரம்பித்துவிட்டாள்.

பக்கவாதம் இல்லை, முகத்து நரம்பு மட்டும் வீங்கியிருக்கிறது என்றார் டாக்டர். பெரும்பாலும் சரியாகிவிடுமாம். எப்போது? "மூணு வாரமும் ஆகலாம், மூணு மாசமும் ஆகலாம்." ட்ரம்பெட் ஊதலாமா என்று கேட்டேன். விசில் அடித்துக் காட்டச் சொன்னார்.

காற்றுதான் வந்தது.

ஜூலை 14, ஞாயிறு

'ப' சொல்ல வரவில்லை. 'ம' சொல்ல வரவில்லை. பெண்டாட்டி பெயரைக்கூட முழுசாகக் கூப்பிட முடியவில்லை.

பிராக்டிஸுக்குப் போனேன். ஒருவரும் என் முகத்தை நேராகப் பார்க்கவில்லை. ரெண்டாவது ட்ரம்பெட் ஜெயபாண்டி மட்டும் பக்கத்தில் வந்து நின்றான். மதுரைப் பக்கத்துக்காரன், பகலில் டெய்லர். "ஒரு மாசம் கெடக்குல்லண்ணே. அதுக்குள்ள சரியாயிரும்."

தலையாட்டினேன். ஒரு மாசம்.

ஜூலை 23

மாத்திரை முடிந்தது. தினமும் கன்னத்தில் கரண்ட் வைக்கிறார்கள். இடது கண் மூடுவதில்லை. பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு தூங்குகிறேன். புறா ரத்தம் தேய்க்கச் சொல்லிக் கலாமணியின் அண்ணன் ஆளனுப்பினார். வேண்டாம் என்றேன். அப்புறம் யோசித்தேன், தேய்த்தால்தான் என்ன?

ஆகஸ்ட் 4, ஞாயிறு

சோலோ எழுதிய தாளை ஜெயபாண்டியிடம் கொடுத்தேன். வேறு வழியில்லை.

வாசித்தான். ஒவ்வொரு சுரத்தையும் ஒரு இழை தாமதமாக விடுகிறான். தாளம் முன்னால் போகிறது, இவன் சோம்பலாகப் பின்னால் வருகிறான். நிறுத்தச் சொன்னேன். திரும்பவும் அப்படியே. கத்தினேன். என் வாயிலிருந்து வந்தது எனக்கே புரியவில்லை, எச்சில்தான் தெறித்தது.

பாடுகிற அனுப்ரியா மெதுவாகச் சொன்னாள்: "சார், அவரு தப்பா வாசிக்கலீங்க. வேற மாதிரி வாசிக்கறாரு."

வேற மாதிரியா? அப்ப நான் எதுக்குடா இங்க நிக்கறேன்? இருபத்திரண்டு வருஷமா எவன் சொல்லி வாசிச்சீங்க? — இதெல்லாம் இங்கே எழுதுகிறேன். அங்கே சொல்ல வாய் இல்லை.

ஆகஸ்ட் 12

பாத்ரூம் கதவைச் சாத்திக்கொண்டு மவுத்பீஸை மட்டும் வைத்து ஊதிப் பார்த்தேன். இடது பக்கம் விரலால் பிடித்துக்கொண்டு. எச்சில், காற்று. இன்னும் அஞ்சே நாள். கை ஒடிஞ்சிருந்தா கட்டுப் போட்டுக்கலாம். இதுக்கு என்னத்தப் பண்றது?

ஆகஸ்ட் 18, ஞாயிறு

நேற்று நடந்ததை எழுதிவிட வேண்டும்.

மேடை ஏறவில்லை. ஒரு பக்கமாக, ஸ்பீக்கர் அருகில் நின்றேன். முதல் பாட்டு பாதியில் பையரும் அவர் மனைவியும் எழுந்தார்கள். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் தட்டோடு திரும்பிப் பார்த்தார்கள். என்ன ஆட்டம்! இடுப்புக்கு மேலே அசைவே இல்லை, கால் மட்டும் பேசுகிறது. எங்கள் தாளத்தில், கண்ணை மூடிக்கொண்டு, ஒரு அடி தவறாமல். ஆறு பாட்டுக்கு ஆடினார்கள்.

முடிந்ததும் அந்த அம்மா நேராக ஜெயபாண்டியிடம் போய் அவன் ரெண்டு கையையும் பிடித்துக்கொண்டார். ஸ்பானிஷில் என்னவோ சொன்னார். அந்த மொழியில் இத்தனை வருஷமாகப் பாட்டு போட்டிருக்கிறேன், எனக்கு ஒரு வார்த்தை விளங்கவில்லை. பையர் இங்கிலீஷில் சொல்ல, அனுப்ரியா தயங்கித் தயங்கித் தமிழில் சொன்னாள். "ட்ரம்பெட்டு லேட்டா வருதுல்லீங்க, அதை எங்க கத்துக்கிட்டீங்கன்னு கேக்கறாங்க. அவங்க ஊர்ல வயசானவங்கதான் இப்படி ஊதுவாங்களாம்."

ஜெயபாண்டி என்னைக் கைகாட்டினான். "எங்க அண்ணந்தான் லீடருங்க. எல்லாம் அவரு போட்டது."

அந்த அம்மா என் பக்கம் திரும்பினார். மற்றதெல்லாம் சரியாக இருந்ததா என்று கேட்க வேண்டும். ஒரே ஒரு கேள்வி. வாயைத் திறந்தேன். எச்சில் வழிந்தது. அவர் பதறிப்போய் யாரிடமோ சொல்ல, நாற்காலி கொண்டுவந்து என்னை உட்கார வைத்தார்கள். டம்ளரில் தண்ணீர் வேறு கொடுத்தார்கள்.

ஆடினார்களே, அதுவே பதில்தானே என்கிறாள் கலாமணி. ஆமாம். சல்சாதான். நான் தப்பு என்று கத்தியதும் சல்சாதான்.

செப்டம்பர் 20

'ம' வந்துவிட்டது. அடுப்படிக்குப் போய் அவள் பெயரைச் சொன்னேன். திரும்பாமல் நின்றாள். "இன்னொருக்கா சொல்லுங்க" என்றாள்.

அக்டோபர் 27, ஞாயிறு

முகம் தொண்ணூறு சதவீதம் வந்துவிட்டது, சந்தோஷப்படுங்கள் என்றார் டாக்டர். ட்ரம்பெட் சத்தம் வருகிறது. மேல் சுரம் நிற்பதில்லை. எட்டு எண்ணுவதற்குள் உதடு விட்டுவிடுகிறது. வருமா என்று கேட்டேன். "இதுக்கு மேல சொல்ல முடியாதுங்க."

பிராக்டிஸில் எல்லோரும் எனக்காகக் காத்திருந்தார்கள். 'ஜெயபாண்டி, நீயே ஆரம்பி' என்றேன். 'ப' நன்றாகவே வந்தது.

நவம்பர் 24, ஞாயிறு

வெள்ளகோவிலில் ரிசப்ஷன். போங்கோ மேளம் வாசிக்கும் அப்புசாமி இடையிடையே தட்டுகிற மணியை நான் வாங்கிக்கொண்டு பின்வரிசையில் நின்றேன். எட்டுப் பாட்டு. கடைசிப் பாட்டில் ஜெயபாண்டி எங்களுக்கு முதுகைக் காட்டியபடியே, முன்பு நான் தூக்கியது போலக் கையைத் தூக்கிப் பாட்டை நிறுத்தினான். எல்லோரும் ஒரே சமயத்தில் நின்றார்கள். நானும் நின்றேன்.