பாரோ, லெண்ட், குசினி வாசல்

பெப்ரவரி 12, திங்கள்

எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பழைய துரை பங்களா ஹோட்டல் ஆகிவிட்டது. வரவேற்பு மேசைக்கு ஆள் தேவையாம். இங்கிலீஷ் பேச வேண்டும். நேர்முகம் அடுத்த மாதம் ஒன்பதாம் திகதி. விண்ணப்பித்துவிட்டேன்.

பதுளையில் இத்ரூஸ் முதலாளியின் துணிக்கடையில் காலையிலிருந்து கதவடைக்கும்வரை நிற்கிறேன். முதலாளி நல்ல மனிதர், என் கால்தான் சொன்னபடி கேட்பதில்லை. முப்பத்திரண்டு வயதாகிறது. இந்த வேலை எனக்கு வேண்டும். வேறு எதற்கும் இவ்வளவு ஆசைப்பட்டதில்லை.

பெப்ரவரி 15

கடையில் என்னோடு வேலை செய்யும் ஷிப்னாவுக்கு இங்கிலீஷ் நன்றாக வரும். எனக்கு, பொருளில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் சொற்களோடுதான் தகராறு. பாரோ எது, லெண்ட் எது?

“இரவல் வாங்கினா பாரோ, குடுத்தா லெண்ட். இதுல என்ன கஷ்டம் ஈக்கி, புள்ள?”

கஷ்டம் இருக்கிறது. எங்கள் லயத்து வரிசை வீடுகளில் சீனிக் கிண்ணம் போகும், வரும். முதலில் கொடுத்தது யார் என்று யாருக்கு ஞாபகம்?

பெப்ரவரி 21

ஹியர் — தானாகக் காதில் விழுவது. லிசன் — காதுகொடுத்துக் கேட்பது. அம்மா பேசுவது எனக்குப் பெரும்பாலும் ஹியர்.

பெப்ரவரி 27

ரிமெம்பர், ரிமைண்ட். நானாக ஞாபகம் வைத்திருந்தால் முதலாவது, இன்னொருவருக்கு ஞாபகப்படுத்தினால் இரண்டாவது. மறுபடியும் மாற்றிச் சொன்னேன். ஷிப்னா தலையில் அடித்துக்கொண்டாள். சாரி பார்க்க வந்த பெண் எங்களைப் பார்த்துவிட்டு அடுத்த கடைக்குப் போய்விட்டாள். முதலாளி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

மார்ச் 8

இன்று ஒன்றைக்கூட மாற்றவில்லை. ஷிப்னா தன் நீலச் சாரியைக் கட்டிக்கொண்டு போகத் தந்தாள். அவள் லெண்ட், நான் பாரோ. சரிதானே?

மார்ச் 9, சனி

போச்சு.

நேரத்தோடு போய், பங்களாவில் சமையல் நடக்கும் குசினியின் வாசல் படியில் உட்கார்ந்தேன். லயத்து ஆட்கள் பங்களாவுக்கு அப்படித்தான் போவோம் — தேயிலைக்குள் ஏறி, பின்பக்கமாக. துரைமார் காலத்து வழக்கம். யாரும் சொல்லித் தந்ததில்லை, கால் தானாகப் போகும். சமையல்கார மாரிசாமி அண்ணன் பிளேன்டீ தந்தார். “கூப்பிடுவாங்க, இரும்மா” என்றார். இருந்தேன்.

விஜயலெட்சுமி, விஜயலெட்சுமி என்று என்னை முன்வராந்தாவில் இரண்டு தடவை கூப்பிட்டிருக்கிறார்கள். எனக்குக் கேக்கவே இல்ல. எந்திரிச்சுப் போய்ப் பாத்தப்ப வந்தவங்க உக்காந்த கதிரையெல்லாம் அடுக்கிட்டாங்க.

என்ன படிச்சு என்ன? வாய் வலிக்க வலிக்கச் சொல்லிப் பாத்தேனே. இன்டர்வியூவுக்கு வந்தவ, வெறகு கொண்டாந்தவ மாதிரி பின்னால போய் உக்காந்திருக்கேன். வெக்கமா இருக்கு.

அம்மாவிடம் சொன்னேன். “பின்ன, முன்வாசல் வழியாவா போவாங்க?” என்று கேட்டாள். கிண்டல் இல்லை, உண்மையாகவே கேட்டாள். அதைத்தான் தாங்க முடியவில்லை.

மார்ச் 10

ஷிப்னா போனில் திட்டினாள். “அவங்க வேணாண்டு செல்லல்லயே. நீதான் போகல்ல. நாளைக்குப் போ.”

மார்ச் 11

கடைக்கு லீவு. முன்பாதையால் போனேன். படி ஏறும்போது புல் வெட்டிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். ஏறிவிட்டேன்.

மேனேஜர் கொழும்புக்காரர், சின்ன வயது. சனிக்கிழமை ஏன் வரவில்லை என்றார். வந்தேன், குசினிப் பக்கம் இருந்தேன் என்றேன். ஏன் குசினிப் பக்கம்? சொன்னேன், எல்லாவற்றையும், இங்கிலீஷில். பிறகு உட்காரச் சொல்லிக் கேள்வி கேட்டார். நாங்கள் படித்த ஜோடிகளில் ஒன்றுகூட வரவில்லை. கையெழுத்துப் போடப் பேனா கேட்கும்போது பாரோவுக்குப் பதிலாக லெண்ட் என்றேன். அவர் சிரிக்காமல் எடுத்து நீட்டினார்.

மார்ச் 20

கிடைத்துவிட்டது. ஷிப்னா கடையிலேயே அழுதாள். நான் அழவில்லை.

ஜூன் 14

அறை துப்புரவு வேலைக்குத் தோட்டத்துப் பெண்களை எடுக்கிறோம். இன்று நேர்முகம். பெயர் கூப்பிடும் பொறுப்பு எனக்கு. வராந்தாக் கதிரைகளில் பாதி காலி. இருப்பவர்களோடு தொடங்கலாம் என்றார் மேனேஜர். கொஞ்சம் பொறுங்கள் என்று சொல்லிவிட்டுப் பின்பக்கம் போனேன்.

மூன்று பேர் படியில் உட்கார்ந்து பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். “இங்க இல்லங்க, என்னோட முன்பக்கமா வாங்க” என்றேன். எழுந்தார்கள். ஒருத்தி செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள்.

“போட்டுக்கிட்டே வாங்கக்கா.”

தலையாட்டினாள். வராந்தா வரைக்கும் கையிலேயே வைத்திருந்தாள்.