மணிக்கட்டுக்கு ஒரு பட்டை

கோயம்புத்தூர்

அன்புள்ள குமரேசனுக்கு அம்மா எழுதுவது. உன் முதுகுவலி எப்படி இருக்கிறது? மருமகள் சுபலட்சுமி சுகமா? எனக்கு ஒரு குறையும் இல்லை.

மறுபடி தொற்று வந்தால் என்ன செய்வது என்று எங்கள் பெண்கள் விடுதியில் நேற்று ஒத்திகை பார்த்தார்கள். வார்டனான நான்தான் அதில் நோயாளி. குறுகிய மாடிப்படியில் ஸ்ட்ரெச்சர் எப்படித் திரும்பும் என்று வெகுநாளாக யோசித்திருக்கிறேன்; தலைமாட்டைத் தூக்கிச் சாய்த்துத் திருப்புகிறார்கள். நிஜத்தில் நடப்பதுபோலவே என் போனைப் பைக்குள் போட்டு மூடிவிட்டு, வீட்டு எண்ணைக் கேட்டாள் நர்ஸ். நம் பழைய லேண்ட்லைன் எண்ணைச் சொன்னேன். அவள் போட்டுப் பார்த்தாள்.

"இந்த நம்பர் உபயோகத்துல இல்லைங்கம்மா. வீட்ல யாரும் இல்லைங்களா?"

"மகன் இருக்கான். ஆரணியில தறி வச்சிருக்கான்."

"அப்ப அவர் நம்பர் சொல்லுங்க."

கான்வென்ட்டில் படித்த ஆங்கிலப் பாட்டு இன்றும் வரி தவறாமல் வருகிறது. உன் எண் வரவில்லை. 'உறவினர் இல்லை' என்று எழுதிக்கொண்டாள். ஒத்திகைதான் என்றாலும் அதை அடித்துத் திருத்தச் சொன்னேன்.

சேலை அறுத்தபின் தறியில் மிஞ்சும் பாவு நூலில், மணிக்கட்டில் கட்டிக்கொள்ள ஒரு பட்டை நெய்து, அதில் உன் எண்ணைப் போட்டு அனுப்பு. பேனாவால் எழுதினால் சானிடைசர் பட்டு அழிந்துவிடும். ஜரிகை வேண்டாம், எண்கள் கோணாமல் இருக்கட்டும். சுபலட்சுமியின் எண்ணையும் கீழே சேர்த்துவிடு. நீ எடுக்காவிட்டாலும் அவள் எடுப்பாள்.

சாப்பாட்டு மணி அடிக்கிறது, போகிறேன்.

அம்மா
கிருஷ்ணம்மாள்